சங்கத்துச் சாப்பாடு

வாய்ப்புற்று வந்து, தாடையில் ஒரு பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டு வாழ்கிற பெண்ணை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போன சங்கம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது எங்கள் பதுளைச் சங்கம்.

அழைக்கப் போனவர் செல்வரத்தினம் முதலாளி. பதுளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் மேல்மாடியில்தான் வாய்ப்புற்று நோயாளர் சங்கம் கூடும். அவருடைய மனைவியைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். அந்த அம்மா போன பிறகு, தகப்பனார் காலத்திலிருந்து கடை வாசலில் இருந்த வெற்றிலைக் கூடையைத் தூக்கி எறிந்தார். வாடிக்கைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அவர் அசையவில்லை. அப்பேர்ப்பட்டவர் எப்படி வெற்றிலைத் தாம்பாளத்தோடு மலையேறினார் என்று கேட்டால் பதில் சுலபம். நல்ல காரியத்துக்கு ஒருவரை அழைப்பதென்றால் எங்கள் ஆட்களின் கை தானாகத் தாம்பாளத்தை எடுக்கும். மூளைக்கு அதில் வேலை கிடையாது.

நல்ல காரியம் என்னவென்றால், கொரோனா வந்து மூடிய மேல்மாடியை மறுபடி திறக்கிறார்கள். கொரோனா போய், பெற்றோல் வரிசை வந்து, அதுவும் போய், யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்பதே தெரியாமல் சங்கம் சிதறிக் கிடந்தது. செயலாளர் சரோஜாதேவிக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், வேலை பார்க்க வந்து, பென்ஷன் எடுத்த பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். வெற்றிலையைக் கையால்கூடத் தொட்டறியாத அவருக்கும் கன்னத்தில் வந்தது. இந்த நோய்க்கு ஆள் பார்க்கத் தெரியாது.

"போன்ல கதைச்சுக் கதைச்சு எனக்கு அலுத்துப்போச்சு. வீடு வீடாப் போய்க் கூப்பிடுவம்" என்று முதலாளியை இழுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டி நிற்கிற வீடுகள்தான் எங்கள் லயம். ஞாயிற்றுக்கிழமை காலை. விடிய விடியப் பெய்த மழை விட்டிருந்தது. அடுப்புப் புகை மேலே போக மனமில்லாமல் கூரைத் தகரத்தின்மேல் படுத்துக் கிடந்தது. ஆட்டோ கோயிலடி வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் படி. சரோஜாதேவி பாதியிலேயே மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட, முதலாளி மட்டும் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார். தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும், அங்கம்மா மகளுக்குக் கொஸ்லந்தைச் சம்பந்தம் பேசியிருக்கிறார்களே, அந்த வீட்டு ஆள்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அங்கம்மாவின் புருஷன் தர்மலிங்கம் வாசலில் நின்றிருந்தான். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. அதிகம் பேசாதவன்.

"வாங்க, உள்ள வாங்க."

"நாங்க டவுன் சங்கத்துலருந்து வாரோம். வார மாசம் மொத ஞாயித்துக்கெழம எல்லாரும் கூடுறோம். நீங்க குடும்பத்தோட வந்துறணும்" என்று முதலாளி தாம்பாளத்தை நீட்டினார்.

தர்மலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினான். எங்கள் பக்கத்தில் தாம்பாளத்தை வாங்கினால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். பிறகு வராமல் இருப்பது அழைத்தவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

அப்போதுதான் அங்கம்மா அடுப்பு வேலையை விட்டுக் குசினியிலிருந்து வெளியே வந்தாள். முகத்தில் மாஸ்க். தாம்பாளத்தைப் பார்த்தாள். தளதளவென்று வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம். ஓரத்தில் மறக்காமல் ஒரு சுண்ணாம்பு டப்பா.

சரோஜாதேவி ஒருவழியாக வந்து சேர்ந்தார். அவரும் பார்த்தார்.

"முதலாளி, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"என்னம்மா?"

"கொண்டுவந்த சாமானை ஒருக்காப் பாருங்கோ."

முதலாளி பார்த்தார். அவருடைய முகம் அப்படியே வாடிப்போனது. "அழைக்கிறதுன்னா வெத்தல இல்லாம எப்படிம்மா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அங்கம்மாவின் தோள் குலுங்கியது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் லக்ஷிகா தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, என்னம்மா? ஏம்பா அழுவுறாங்க?"

"அழுவல. சிரிக்கிறா" என்றான் தர்மலிங்கம். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

அங்கம்மா என்னவோ சொன்னாள். நாக்கிலும் கொஞ்சம் எடுத்திருந்ததால் அவள் பேச்சு குழறும். வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும்தான் அது விளங்கும்.

லக்ஷிகா சொன்னாள்: "சுண்ணாம்பு வரைக்கும் மறக்காமக் கொண்டாந்தாரே மொதலாளி, பொகையிலய எங்க வச்சிட்டாருன்னு கேக்குறாங்க."

முதலாளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தார்.

சரோஜாதேவி அங்கம்மாவின் பக்கத்தில் பலகையில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஆனால் நாலு வருஷப் பழக்கம்.

அங்கம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது கொரோனா தொடங்கிய நேரம். முதலில் கன்னத்துக்குள்ளே வெள்ளையாக ஒரு தடிப்பு. சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று இருந்தாள். மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதான் கைகண்ட மருந்து என்று எல்லோருடைய மடியிலும் ஒரு சுருக்குப்பை இருக்கிற இடத்தில், வாய் வேகிறதென்று யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? போனபோது தாடையில் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் யாரோ அவள் நம்பரைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். கூட்டம் கூட முடியாத காலம். சரோஜாதேவி ஞாயிறு தவறாமல் அவளுக்குப் போன் எடுத்தார். எடுத்து என்ன செய்ய? வாய் போனவர்களுக்கு போன் ஒரு உபகாரமா? அங்கம்மா பேசினால் அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று தெரிந்ததும் அங்கம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்போது சரோஜாதேவி ஒரு வழி சொன்னார். "நான் கதைக்கிறன். நீங்கள் போனில நகத்தால தட்டுங்கோ. ஒருக்காத் தட்டினால் ஓம். ரெண்டு தரம் தட்டினால் இல்லை."

போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, அப்படித்தான் நாலு வருஷம் போனது. சாப்பிட்டாச்சா, ஒரு தட்டல். நோகுதா, இரண்டு தட்டல். மிச்ச நேரமெல்லாம் சரோஜாதேவி சங்கத்துக் கதை சொல்லுவார். "நாங்கள் எல்லாரும் பாயில சுத்தியிருந்து சாப்பிடுவம், அங்கம்மா. குழைய வடிச்ச சோறு, பருப்பு, பூசணிக்காய். ஒருத்தரும் வாயை மூட மாட்டினம். சிந்தினால் சிந்தட்டும். திறந்தவுடன நீங்களும் வரவேணும்." அதைக் கேட்கும்போது அங்கம்மாவுக்குப் பண்டிகைக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். போன் வருகிற நேரம் தர்மலிங்கம், "வெறகு பொளக்கப் போறேன்" என்று கோடரியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்பக்கம் போய்விடுவான். பெண்கள் பேசுகிற இடத்தில் தனக்கென்ன என்று.

"வருவியள்தானே?" என்றார் சரோஜாதேவி இப்போது, நேரில்.

அங்கம்மா பலகையில் இரண்டு தரம் தட்டினாள்.

"தாம்பாளத்த வாங்கியாச்சேம்மா" என்றார் முதலாளி, சரோஜாதேவி தலையைத் தொங்கப் போட்டதைப் பார்த்துவிட்டு.

அங்கம்மா குழறியதை லக்ஷிகா சொன்னாள்: "வெத்தல வச்ச அழைப்பு இந்த வாய்க்குச் செல்லாதாம்."

"வாழப்பழம் செல்லும்ல? பழத்துக்காக வாங்க."

மாஸ்க் மறுபடி குலுங்கியது. லக்ஷிகா பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். முதலாளி குடித்தார். சரோஜாதேவி, "இப்பதான் பிள்ளை குடிச்சனான்" என்று கையைக் காட்டிவிட்டார். படி ஏறி மூச்சு முட்டியபோதுகூட அவர் மாஸ்க்கைக் கழற்றவில்லை. வீடு வீடாகப் போகிறவர், பாதுகாப்பாக இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தாம்பாளத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று தர்மலிங்கம் அதில் நல்ல தேயிலையாக ஒரு பொட்டலம் வைத்துக் கொடுத்தான்.

அங்கம்மாவின் உண்மையான கவலை சங்கம் இல்லை. தை மாதம் வருகிற மகளின் பரிசம்.

லக்ஷிகா தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை சுபாஸ் கொஸ்லந்தைப் பிள்ளை, மொனராகலையில் வயரிங் வேலை. இருவரும் பஸ்ஸில் பார்த்துப் பழகியவர்கள். பிறகு பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எல்லாம் பொருத்தம். ஒரே ஒரு தடை. பரிசம் போட்டு முடிந்ததும் பெண்ணைப் பெற்றவளும் மாப்பிள்ளையைப் பெற்றவளும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. அத்தனை சனமும் சுற்றி நின்று பார்க்கும்.

அங்கம்மா யார் முன்னாலும் சாப்பிட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உலகமே மாஸ்க் போட்டிருந்தது. அது அவளுக்குச் சாமி கொடுத்த வரமாக இருந்தது. மலையில் கொழுந்து பறிக்கும்போதும், அதை நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நிற்கும்போதும் எல்லோரும் ஒரே மாதிரி. பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அவளுடையது மட்டும் தங்கிவிட்டது. வெயிலோ மழையோ, அதற்குள்ளேயே வேர்த்து அதற்குள்ளேயே காய்ந்தது. சாப்பாடு குசினியில், பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து. கழுத்துக்குக் கீழே ஒரு துண்டு. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். தர்மலிங்கம் குசினிக்குள் போகுமுன் வாசலில் நின்று ஒரு தடவை இருமுவான். அவனுக்குச் சளியே கிடையாது.

முதலாளி வந்து போன அன்று பொழுது சாய, அடுப்படியில் பேச்சு வந்தது.

"பரிசத்தன்னைக்கு ஒஞ் சித்தி ஒக்காரட்டும். எங்கூடப் பொறந்தவதானே" என்றாள் அங்கம்மா.

"சித்தியா என்னப் பெத்தாங்க?" என்றாள் லக்ஷிகா. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவலை நிறுத்தவில்லை.

"கேட்டா ஒடம்புக்கு முடியல, படுத்திருக்கான்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்லியே."

"கல்யாணத்துக்கும் படுத்துக்குவீங்களா? எனக்குப் புள்ள பொறந்தாலும் படுத்துக்குவீங்களா?"

"இந்தா புள்ள, சொல்றதக் கேளு. வாயில வச்சா ஒரு பக்கமா ஒழுகும். எனக்கே தெரியாது, துண்டு நனஞ்சாத்தான் தெரியும். அந்தம்மா பக்கத்துல ஒக்காந்து அதப் பாத்துட்டுக் கொமட்டிக்கிட்டு வந்துச்சுன்னா? நீ வாழப் போற வீடு. மொத நாளே அப்படியா?"

"கொமட்டுற வீட்டுக்கு நான் ஏம்மா போகணும்?"

"வாய அடக்கு. நல்ல பையன்."

"பையனுக்கு எல்லாந் தெரியும். நான் சொல்லிட்டேன்."

"அவங்கம்மாவுக்கு?"

லக்ஷிகா துருவிக்கொண்டே இருந்தாள். தேங்காய் தீர்ந்து சிரட்டை உரசுகிற சத்தம் கேட்டது.

"நீங்க ஒக்காரலன்னா பரிசம் வேணாம்மா" என்றாள் பிறகு. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அங்கம்மாவுக்குப் பயம் வந்தது.

தர்மலிங்கம் வாசல்படியில் இருந்தபடி, "ஞாயித்துக்கெழம டவுனுக்குப் போய்ட்டு வருவோம்" என்றான்.

"ஒங்களுக்கென்ன, எவன் எத நீட்டுனாலும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறது."

"நீட்டுறப்ப வாங்காம எப்படி?"

"நான் மாஸ்க்கக் கழட்ட மாட்டேன்."

"யாரு கழட்டச் சொன்னா? பஸ்ஸுல போறோம், பஸ்ஸுல வாரோம். மொதலாளி மூஞ்சிய நெனச்சுப் பாரு. பாவமா இல்ல?"

பாவமாகத்தான் இருந்தது. முதல் ஞாயிறு காலை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பசறை தாண்டி வளைவுகளில் பஸ் ஆடும்போது அங்கம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, சரோஜாதேவி சொன்ன பாயையும் பூசணிக்காயையும் நினைத்துக்கொண்டு வந்தாள். சாப்பிடப் போவதில்லை. ஆனால் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கலாம். அதற்கே அவளுக்கு ஆசையாக இருந்தது.

மேல்மாடியில் பாய் இல்லை. பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், பரீட்சை மண்டபம் மாதிரி ஒரே பக்கம் பார்த்துப் போட்டிருந்தார்கள். வந்திருந்த அத்தனை பேரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். பழைய ஆட்கள்கூட ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். சரோஜாதேவி எழுந்து, இந்த வருஷங்களில் இல்லாமல் போனவர்களின் பெயர்களைச் சொன்னார். கொரோனா காலத்துச் சாவுகள். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை, பூ போட முடியவில்லை. சிலர் போன சேதியே இந்த மாடியில்தான் பலருக்குத் தெரிந்தது. யார் அழுகிறார்கள் என்பதை மாஸ்க்குக்கு மேலே கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒருவர் எழுந்து இன்னொருவர் தோளில் கை வைக்கப் போய், கதிரை தூரமாக இருந்ததால் பாதியில் நின்று திரும்பினார்.

பிறகு முதலாளி ஆளுக்கொரு சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட. எல்லோரும் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கம்மா எழுந்து சரோஜாதேவியிடம் போனாள். லக்ஷிகா பின்னாலேயே போனாள்.

"சாப்பாடு இங்க இல்லியான்னு கேக்குறாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அங்கம்மா. நோய் துப்பரவாப் போகேல்லை எண்டு சொல்லுகினம். எங்கட ஆக்கள் ஏற்கெனவே உடம்பு ஏலாத ஆக்கள். கவனமா இருக்கவேணும்."

அங்கம்மா அவர் கண்ணைப் பார்த்தாள். சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தக் கண்ணில் இருப்பது வேறு என்பது அவளுக்குத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்காருகிறவளுக்கு அது தெரியாமல் யாருக்குத் தெரியும்? சரோஜாதேவியின் கையிலிருந்த பார்சலின்மேல் இரண்டு தரம் தட்டினாள்.

"என்ன இல்லை?"

அங்கம்மா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். லக்ஷிகா மொழிபெயர்க்கத் தயங்கினாள். தேவைப்படவில்லை. இந்தத் தடவை சரோஜாதேவிக்கு விளங்கியது.

"டீ கூட... குடிக்கலியே... எங்க வீட்டுல."

சரோஜாதேவி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருஷம், அங்கம்மா. நான் ஆருக்கு முன்னாலயும் ஒரு வாய் சாப்பிடேல்லை. வீட்டில நான் தனிய. வெளியில போனால் மாஸ்க். முந்தி எனக்கு இந்த வெக்கமே இல்லை, தெரியுமே? எல்லாருக்கும் முன்னால இருந்து சிந்திச் சிந்திச் சாப்பிட்டனான். இடையில விட்டது, இப்ப ஏலாமல் கிடக்கு. அந்தப் பாய்க்கதையை உங்களுக்குச் சொல்லேல்லை. எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்."

அங்கம்மாவுக்கு அந்தம்மாமேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஞாயிறுக்கு ஞாயிறு இந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள். அந்தக் குரலும் தன்னைப் போலவே ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. குனிந்து, சரோஜாதேவியின் கதிரைக் கையைத் தொட்டு, "பசிக்குதா?" என்று கேட்டாள்.

சரோஜாதேவி அவளையே பார்த்தார். பிறகு பார்சலின்மேல் விரலால் ஒருமுறை தட்டினார்.

அங்கம்மா இரண்டு கதிரைகளை இழுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பார்சலைப் பிரித்து வைத்தாள். கை காதுக்குப் போனது, அங்கேயே நின்றது, பிறகு கயிற்றைக் கழற்றியது. ஒரு பக்கம் தாடையே இல்லாமல் உள்ளே ஒடுங்கி, தையல் தழும்பு காதுவரை போன அந்த முகத்தில் மாடி ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. சரோஜாதேவி கதிரையிலிருந்து இறங்கி எதிரே உட்கார்ந்தார். அவரும் கழற்றினார். குழி விழுந்த கன்னம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சோற்றைப் பிசைந்தார்கள்.

"இந்தா, இந்தா" என்று முதலாளி ஓடினார். எங்கேயோ கட்டி வைத்திருந்த பாய்களைத் தூசியோடு இழுத்துக்கொண்டு வந்து விரித்தார். கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒருவர் வந்து உட்கார்ந்தார். இன்னொருவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, யோசித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். உட்காராமல் பார்சலோடு படியிறங்கிப் போனவர்களும் உண்டு. அவர்களை யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

தர்மலிங்கம் இதையெல்லாம் படிக்கட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அங்கம்மா சாப்பிடுகிறாள். முகத்தை வலப்பக்கம் சாய்த்து, சின்னச் சின்ன உருண்டையாக உள்ளே வைத்து, ஒழுகுவதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, மறுபடி வைக்கிறாள். அவன் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் பார்சலைப் பிரித்து, அதிலிருந்த பூசணிக்காயை எடுத்து அவளுடைய சோற்றில் வைத்தான். அவளுக்குப் பூசணிக்காய் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் அப்படித்தான் வைப்பான்.

"காரமா இருக்கா?" என்று கேட்டான்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். தர்மலிங்கம் அழுதான். அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்த மாடியில் அன்றைக்கு அழாமல் சாப்பிட்டவர்கள் குறைவு.

தை பிறந்து பரிசம் வந்தது.

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வைத்தார்கள். பெண் வீட்டுத் தாம்பாளத்தைத் தானே ஏந்துவேன் என்று செல்வரத்தினம் முதலாளி பதுளையிலிருந்து வந்துவிட்டார். வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி, "வைக்கட்டுமாம்மா?" என்றார். அங்கம்மாவின் பதிலை லக்ஷிகா சொன்னாள்: "சாமிக்கு வைக்கிறத வைங்க. வாய்க்குள்ள போடுறதுதான் வேணாமாம்." சரோஜாதேவியும் வந்து, கேட்காமலே ஒரு பிளேன்டீ வாங்கி, எல்லோர் முன்னாலும் சிந்தியபடி குடித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அன்னலட்சுமி கொஸ்லந்தையிலிருந்து வேனில் வந்து இறங்கினார். அவரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற ஆள்தான். நல்ல உயரம், அதட்டலான குரல், வாய் நிறைய வெற்றிலை. மாஸ்க் போட்ட சம்பந்தியைப் பார்த்து, "இன்னுமா இதப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? கொரோனா போயிருச்சு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அங்கம்மாவுக்கு விளங்கிவிட்டது.

தாம்பாளம் மாற்றினார்கள். பாய் விரித்து இரண்டு இலை போட்டார்கள். அங்கம்மாவின் இலையில் குழைய வடித்த சோறு. அம்மாக்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். சனம் சுற்றி நின்றது. பட்டுச்சேலையில் இருந்த லக்ஷிகா விரலைக் கோத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அங்கம்மா மாஸ்க்கைக் கழற்றி மடித்து மடியில் வைத்தாள்.

அன்னலட்சுமி திரும்பிப் பார்த்தார். அசைபோட்டுக்கொண்டிருந்த வாய் நின்றது. பார்வை அந்தத் தழும்பின்மேலேயே இருந்தது. பிறகு கையை ஊன்றி எழுந்து, சனத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

சுபாஸ் அம்மாவுக்குப் பின்னால் போக இரண்டடி வைத்தான். லக்ஷிகா மாலையைக் கழற்றக் கையைத் தூக்கிவிட்டாள். அங்கம்மா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடி அந்தச் சுவருக்குத்தான் போவோம் என்று அவளுக்குத் தெரியும். இலையைப் பார்த்தபடி இருந்தாள்.

வெளியே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. காறித் துப்புகிற சத்தம், வாய் கொப்பளிக்கிற சத்தம், மறுபடி கொப்பளிக்கிற சத்தம். அன்னலட்சுமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"வெத்தலைய வாயில வச்சுக்கிட்டு எப்படிச் சாப்புடுறது" என்றார் பொதுவாக. "ம், சாப்புடுவோம் சம்பந்தி."

இருவரும் முதல் வாய் எடுத்து வைத்தார்கள். சனம் மூச்சு விட்டது. பந்திக்குப் பாய்கள் விரிந்தன, இலைகள் விழுந்தன, பேச்சு கலகலவென்று கிளம்பியது. அந்த இரைச்சலுக்குள் அன்னலட்சுமி தலையைச் சாய்த்து, அதட்டல் எல்லாம் போன குரலில் கேட்டார்.

"ஒங்களுக்கு மொதல்ல எப்படி வந்துச்சு? எனக்கு இந்தப் பக்கம் கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒண்ணு இருக்கு. நாளாச்சு. சுண்ணாம்பு சுட்டதுன்னு இருக்கேன். யாருகிட்டயும் சொல்லல. மகன்கிட்டயும் சொல்லல."

அங்கம்மா அவரைப் பார்த்தாள். கொமட்டும் என்று இத்தனை நாளாகத் தான் பயந்துகொண்டிருந்த முகத்தில் இருந்தது வெறும் பயம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகத் தனியா பயமா இருக்கு. கூட வருவீங்களா?" என்றார் அன்னலட்சுமி.

அங்கம்மாவின் வாயில் சோறு இருந்தது. விழுங்க அவளுக்கு நேரம் எடுக்கும். கையால் இலையோரத்தில் ஒருமுறை தட்டினாள். அன்னலட்சுமிக்கு விளங்கவில்லை. இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வருவா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தர்மலிங்கம் ரச வாளியோடு நின்றிருந்தான். "ஒருக்காத் தட்டுனா ஆமான்னு அர்த்தம். ரெண்டு தடவ தட்டுனாத்தான் இல்ல."

அங்கம்மா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். இந்தக் கணக்கை அவனுக்கு அவள் சொன்னதில்லை. சரோஜாதேவியும் சொன்னதில்லை. போன் வருகிற நேரமெல்லாம் விறகு பிளக்க லயத்துக்குப் பின்பக்கம் போனவன் அவன். அத்தனை ஞாயிறு போயும், சுவரோரம் இருந்த விறகு அடுக்கு ஒருநாளும் உயர்ந்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டான் தர்மலிங்கம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அங்கம்மா இலையோரத்தில் ஒருமுறை தட்டினாள்.